பிள்ளைத்தாச்சி பிரஷர்: இரத்தம் முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கை

தாய் நலப் பாடம்



இந்த இதழின் பாடம் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வரும் ஒரு நோயைப் பற்றியது. இதன் பெயர் முன்சூல்வலிப்பு. ஆஸ்பத்திரியில் 'பிரி-எக்லாம்சியா' என்று சொல்வார்கள். லயத்தில் நாங்கள் 'பிள்ளைத்தாச்சி பிரஷர்' என்கிறோம். உலகத்தில் கர்ப்பமாகும் 100 தாய்மாரில் 2 பேரிலிருந்து 8 பேர் வரைக்கும் இது வருகிறது. நம் நாட்டில் தாய்மார் இறப்பதற்கான முக்கிய காரணங்களில் கர்ப்பகாலப் பிரஷரும் ஒன்று. ஆனால் காலத்தோடு கண்டுபிடித்தால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றலாம்.

முதலில் ஒரு பேச்சைக் கேளுங்கள். பாடத்துக்காக எழுதிய பேச்சுதான். ஆனால் இப்படி ஒரு தங்கச்சி எந்த லயத்திலும் இருக்கலாம்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த பிள்ளை

வெள்ளவத்தையில் துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாள். புருஷனுக்கு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஸ்டோரில் வேலை. இருவரும் அங்கே ஒரு சின்ன அறையில் இருக்கிறார்கள். தலைப்பிள்ளை. அம்மா அவளைத் தோட்டத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

"எத்தன மாசம் தங்கச்சி?"

"ஏழு முடியப் போகுது மிஸ்."

"கார்ட் எங்க?"

"கார்ட் இல்ல மிஸ். கொழும்புல ஒரு தடவ ஸ்கேன் எடுத்தோம். புள்ள நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அதுக்குப் பெறகு கடையில லீவு கெடைக்கல."

"மொகம் வீங்கின மாதிரி இருக்கே. தலவலி இருக்கா?"

"ரெண்டு நாளா இருக்கு மிஸ். பஸ்ல வந்த களைப்புன்னு அம்மா சொன்னாங்க. பெனடோல் போட்டேன். கேக்கல."

மருத்துவ மாது அவளை உட்கார வைத்து, கொஞ்ச நேரம் கழித்து பிரஷர் பார்க்கிறார். மேல் எண் 160. கீழ் எண் 110. சிறுநீரைக் குழாயில் சூடாக்கிப் பார்த்தால் வெள்ளையாகத் திரள்கிறது.

"அம்மா, இவங்களை இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"லயத்துக்குப் போயி துணிமணி எடுத்துக்கிட்டு, சாப்பிட வச்சி..."

"துணியை அண்ணன் பின்னால கொண்டுவரட்டும்மா. நீங்க இப்பிடியே வண்டியில ஏறுங்க."

மருத்துவ மாது அவசரப்படுத்தியது சரிதான். 160க்கு 110 என்பது வலிப்பு வரக்கூடிய, மூளையில் இரத்தம் கசியக்கூடிய அளவு. ஆனால் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த நோய் இன்றைக்குக் காலையிலா வந்தது? இல்லை. சில வாரங்களாகவே அவளுடைய இரத்தத்தில் அடையாளங்கள் இருந்திருக்கும். பார்க்கத்தான் ஆள் இல்லை.

நோய் எங்கே தொடங்குகிறது?

பிள்ளைக்குச் சாப்பாடும் காற்றும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைச் சூல்வித்தகம் என்று படித்திருப்பீர்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இந்த நஞ்சுக்கொடி கருப்பையின் சுவருக்குள் வேர்விட்டு, அங்குள்ள தாயின் சின்ன இரத்தக் குழாய்களை அகலமாக்குகிறது. நேர்சரியில் வைத்த தேயிலைக் கன்று வேர் பிடிக்கிற மாதிரி.

சில தாய்மாருக்கு இந்த வேர் சரியாகப் பிடிப்பதில்லை. குழாய்கள் ஒடுக்கமாகவே இருந்துவிடுகின்றன. பீலியில் தண்ணீர் நூலாக வந்தால் லயம் முழுவதற்கும் எப்படிப் போதும்? அதே கதைதான். இரத்தம் போதாமல் வாடும் நஞ்சுக்கொடி, தாயின் இரத்தத்துக்குள் சில பொருட்களை அளவுக்கு மீறிக் கலந்துவிடுகிறது. அவை தாயின் உடம்பு முழுவதும் இரத்தக் குழாய்களின் உள்பக்கத்தைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுவதால் பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகம் கெட்டு, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் போகிறது. ஈரலும் மூளையும் பாதிக்கப்படலாம். மூளை பாதித்தால் வருவதுதான் வலிப்பு.

ஆகவே பிள்ளைத்தாச்சிக்கு வலிப்பு வந்தால் அது பேயும் இல்லை, காட்டேரியும் இல்லை, யாருடைய கண்ணும் இல்லை. பூசாரியைத் தேடிப் போகும் ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

இரண்டு பழைய சோதனைகள்

இந்த நோய் பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகுதான் வெளியே தெரியும். அதைப் பிடிக்க நம் கிளினிக்கில் இரண்டு சோதனை உண்டு.

ஒன்று, கையில் பட்டி கட்டிப் பார்க்கும் பிரஷர். இப்படிக் கையில் பட்டி கட்டும் கருவியை 1896ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு டாக்டர் ரிவா-ரொச்சி செய்தார். மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். மேடு ஏறி மூச்சு வாங்க வந்த உடனே பார்க்க வேண்டாம். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஆறிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. சூடாக்கியும் பார்க்கலாம், நிறம் மாறும் பட்டையை நனைத்தும் பார்க்கலாம். சிறுநீரில் ஒன்றும் தெரியாமலே நோய் வருவதும் உண்டு. அதனால்தான் அடுத்த சோதனை தேவைப்படுகிறது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பது எதற்கு?

"போற நேரமெல்லாம் ரத்தம் உறிஞ்சுறாங்க" என்று சில தாய்மார் சலித்துக்கொள்வார்கள். எதற்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தச் சலிப்பு வராது.

முதலாவது, இரத்தத் தட்டுகளை எண்ணுவது. காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைப்பவை இந்தத் தட்டுகள்தான். இரத்தத்தின் ஒரு மைக்ரோ லீற்றரில் இவை 1,00,000க்குக் கீழே இறங்கினால் நோய் கடுமையாகிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, ஈரல் நொதிகள். ஈரல் அடிபட்டால் இவை இரத்தத்தில் கூடும். வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்கானால் ஆபத்து. வலது பக்க விலாவுக்குக் கீழே வலிப்பதும் இதனால்தான். 'கேஸ்' என்று நினைத்து இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, கிரியற்றினின். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு இது. டெசிலீற்றருக்கு 1.1 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்று டாக்டர்மார் எண்ணுவார்கள்.

இந்த மூன்றும் நோய் வந்த பிறகு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்பவை. வருவதற்கு முன்னாலேயே சொல்லக்கூடிய சோதனை உண்டா? அதுதான் இந்தப் பாடத்தின் புதிய பகுதி.

இரத்தத்தில் இரண்டு அடையாளங்கள்

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன டாக்டர் ஆனந்த் கருமாஞ்சி என்பவர் சிறுநீரக வைத்தியர். பொஸ்டன் நகரத்தில் வேலை செய்தபோது, இந்த நோய் வந்த தாய்மாரின் நஞ்சுக்கொடியை அவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். அதில் ஒரு புரதம் மிக அதிகமாக உண்டாவதைக் கண்டார்கள். அதன் பெயர் எஸ்-எப்எல்ரி-1. அதைச் சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகமும் கெட்டது. 2003ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். பல நூறு வருஷமாக டாக்டர்மாரைத் திணற வைத்த நோய்க்கு ஒரு பெரிய துப்புக் கிடைத்தது.

நஞ்சுக்கொடி உண்டாக்கும் இன்னொரு புரதத்தின் பெயர் பி.எல்.ஜி.எப். அது நல்ல பொருள். தாயின் இரத்தக் குழாய்களைச் சுகமாக வைத்திருப்பதற்கு உதவுகிறது. தேயிலைக்கு உரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்-எப்எல்ரி-1 என்ன செய்கிறது? மலைக்குப் போகும் உர மூட்டையை வழியிலேயே மறித்துப் பிடித்துக்கொள்கிறது. மூட்டை செடிக்குப் போய்ச் சேராது. ஆகவே நோய் வரப்போகும் தாயின் இரத்தத்தில் உரம் குறையும், மறிக்கிறவன் கூடுவான்.

2004ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், நோய் வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரத்துக்கு முன்பே எஸ்-எப்எல்ரி-1 ஏறத் தொடங்குவது தெரிந்தது. ஐந்து வாரம்! நம் வெள்ளவத்தைத் தங்கச்சிக்கு அந்த ஐந்து வாரம் எவ்வளவு பெறுமதி என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சோதனையால் என்ன பயன்?

இரண்டு புரதத்தையும் அளந்து, மறிக்கிறவனை உரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட தாய்மாரிடம் பல நாடுகளில் செய்த ஆராய்ச்சி 2016இல் வெளியானது. அந்த எண் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 100க்கு 99 பேருக்கும் மேல் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வரவில்லை. அப்படியான தாயைப் பயமில்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். எண் 38க்கு மேலே இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நான்கு வாரத்துக்குள் நோய் வந்தது. அவர்களை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

பிரித்தானியாவில் 11 மகப்பேற்று நிலையங்களில் பி.எல்.ஜி.எப். அளந்து பார்த்த ஆராய்ச்சி 2019இல் வெளியானது. நோயை உறுதிப்படுத்தச் சராசரியாக 4.1 நாள் எடுத்தது 1.9 நாளாகக் குறைந்தது. தாய்மாருக்கு வந்த கடுமையான கேடுகளும் குறைந்தன. அமெரிக்காவில் இப்படியான சோதனைக்கு 2023 மே மாதம் அனுமதி கிடைத்தது. பிரஷருக்காக ஆஸ்பத்திரியில் இருக்கும் தாய்மாரில் யாருக்கு இரண்டு வாரத்துக்குள் நோய் கடுமையாகும் என்று பார்க்க அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் சோதனை நோயைக் குணமாக்காது. எண் நன்றாக இருந்தாலும் தலைவலியும் கண் மங்கலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் அரசாங்கக் கிளினிக்கில் எல்லாத் தாய்மாருக்கும் வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் இது சேரவில்லை. "பிரைவேட் லேபில் காசு கட்டிச் செய்தால்தான் புள்ளை பிழைக்கும்" என்று யாராவது சொன்னால் கடன் வாங்க ஓடாதீர்கள். உங்களைப் பார்க்கும் டாக்டரிடம், "எனக்கு இது தேவையா ஐயா?" என்று கேளுங்கள். காசில்லாமல் கிடைக்கும் பிரஷரையும் சிறுநீரையும் தவறாமல் பார்ப்பதுதான் முதல் காவல்.

முன்கூட்டித் தெரிந்தால் என்ன செய்யலாம்?

கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் பி.எல்.ஜி.எப். இரத்தச் சோதனை, பிரஷர், ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்துக் கூடிய 1,776 தாய்மாரைத் தெரிந்தெடுத்து ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரின், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. 2017இல் முடிவு வந்தது. 37 வாரத்துக்கு முன்பே நோய் வந்தவர்கள் அஸ்பிரின் எடுத்த 798 பேரில் 13 பேர். வெறும் மாத்திரை எடுத்த 822 பேரில் 35 பேர்.

அஸ்பிரினை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் நல்ல பலன். ஏழாம் மாதம் கிளினிக்குக்கு வந்தால் அந்த வாய்ப்புக் கைவிட்டுப் போய்விடும்.

முன்பு இந்த நோய் வந்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், முன்பே பிரஷர், சீனி வருத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதல் நாளிலேயே அதை மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். தலைப்பிள்ளை, 40 வயதுக்கு மேல் கர்ப்பம், பருமனான உடம்பு, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்திருப்பது, இவையும் ஆபத்தைக் கூட்டும்.

கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரையை அலுமாரியில் வைக்காதீர்கள். சாப்பாட்டில் கல்சியம் குறைவான தாய்மாருக்கு அது இந்த நோயைக் குறைக்கும். இரும்பு மாத்திரையையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவும் வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது.

நோய் வந்துவிட்டால் பிரஷரைக் குறைக்க மருந்து உண்டு. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற்று ஊசி உண்டு. 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் செய்து 2002இல் வெளியான ஆராய்ச்சியில், இந்த ஊசி வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. முழுக் குணம் வேண்டுமானால் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வர வேண்டும். எப்போது என்பதை டாக்டர்மார் முடிவு செய்வார்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை கவனம் தேவை. முதல் இரண்டு, மூன்று நாள் மிகவும் முக்கியம். பிள்ளை பிறந்த பிறகும் வலிப்பு வரலாம்.

கொழும்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு

தோட்டத்தில் இருந்தால் மருத்துவ மாது லயத்துக்கே வந்து, "ஏன் கிளினிக்குக்கு வரல?" என்று கேட்பார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடையிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளை யார் தேடுவது? ஊரில் 'கொழும்புல காட்டியிருப்பா' என்று நினைக்கிறோம். கொழும்பில் 'ஊர்ல பதிஞ்சிருப்பா' என்று நினைக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளை விழுந்துவிடுகிறாள்.

ஆகவே, மாதவிலக்கு நின்றதும் இருக்கும் இடத்திலேயே பதியுங்கள். கொழும்பு மாநகர சபை தாய்சேய் கிளினிக்குகளை நடத்துகிறது. ஊர் அட்டை இல்லை என்றோ, வாடகை அறை என்றோ தயங்க வேண்டாம். பொரளைப் பக்கம் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியும், 1879இல் திறந்த டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. இரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரி. வைத்தியம் இலவசம்.

கர்ப்பவதிக் கார்டை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். ஊருக்கு வந்தால் கார்டும் வரவேண்டும். பிரஷர் எண் சென்ற மாதம் என்ன, இந்த மாதம் என்ன என்று பார்த்தால்தான் ஏற்றம் தெரியும். ஸ்கேன் ஒன்று எடுத்துவிட்டால் போதும் என்று இருக்க வேண்டாம். ஸ்கேன் பிள்ளையைக் காட்டும், தாயின் பிரஷரைக் காட்டாது.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

1. மாத்திரைக்கும் கேட்காத தலைவலி.
2. கண் மங்கல், கண் முன்னால் மின்னல் மின்னுவது.
3. வலது விலாவுக்குக் கீழே அல்லது மேல் வயிற்றில் வலி, வாந்தி.
4. முகமும் கையும் திடீரென்று வீங்குவது.
5. மூச்சு முட்டுவது.
6. பிள்ளை அசைவு குறைவது.
7. வலிப்பு.

இதில் ஒன்று வந்தாலும் காலைப் பெரட்டு வரை காத்திருக்காதீர்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வலிப்பு வந்தவரை இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, சாவி, தண்ணீர் எதையும் போடாதீர்கள்.

வீட்டாருக்கும் கங்காணி ஐயாமாருக்கும் ஒரு வார்த்தை. கிளினிக் நாளில் ஒரு பேர் போகிறதே என்று கணக்குப் பார்க்க வேண்டாம். 1930களில் நம் நாட்டில் ஒரு லட்சம் பிள்ளைகள் பிறந்தால் 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 50க்கும் குறைவு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நாளிலிருந்து மருத்துவ மாதுமார் வீடு வீடாக நடந்ததும், தாய்மார் கிளினிக்குக்கு நடந்ததும் அதற்கு ஒரு பெரிய காரணம். மீதி இருப்பவர்களையும் காப்பாற்ற வேண்டியது எங்கள் பொறுப்பு.

படித்துவிட்டுப் பேசுங்கள்

1. நம் லயத்தில் எத்தனை பிள்ளைத்தாச்சிகள் இருக்கிறார்கள்? எல்லாரிடமும் கார்ட் இருக்கிறதா?
2. கொழும்பில் வேலை செய்யும் மகளோ மருமகளோ மாசமாக இருந்தால், கடைசியாகப் பிரஷர் பார்த்த நாள் உங்களுக்குத் தெரியுமா?
3. இரவு பன்னிரண்டு மணிக்கு அம்புலன்ஸ் வந்தால் லயத்துக்கு வழி காட்ட ரோட்டில் யார் நிற்பது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே அந்தப் பிள்ளைக்குப் போன் எடுங்கள்.